மூன்று தாகம் சத்திரத்தில் மூக்கு

ஆர்ட்வேரன் தீவில் இஷ்பெல்லை யாரும் இஷ்பெல் என்று கூப்பிடுவதில்லை. மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். "மூக்கு இன்னிக்கு வந்தாச்சா?" என்று விஸ்கி வடிசாலை மேனேஜரே கேட்பார். கடைக்குப் போனால் மீன்காரர் கூடையை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நேற்றைய மீன் இன்றைய மீனோடு கலந்திருப்பதை அவள் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவாள் என்ற பயம். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மூக்கு அது. ஒரு தடவை கப்பல் துறையில் நின்றுகொண்டு, "கப்பல்ல சமையல்காரன் மாறிட்டான்" என்றாள். கப்பல் இன்னும் கால் மைல் தள்ளி வந்துகொண்டிருந்தது. மாறித்தான் இருந்தான்.

பத்தொன்பது வயதில் வடிசாலையின் சாம்பிள் அறையில் தரை துடைக்க வந்தவள். மேசையில் பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள். மூன்று பெரிய மனிதர்கள் விஸ்கியை முகர்ந்து முகர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் துடைப்பக்கட்டையைப் பிடித்தபடியே, "அந்த எட்டாவதுல யாரோ பெயின்ட் பிரஷைக் கழுவியிருக்காங்க" என்றாள். சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கோப்பைக்குரிய பீப்பாயைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருஷமே அவளுக்கு அந்த மேசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இருபத்தேழு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முகர்பவர்கள் மூன்று பேர். ஒரு பீப்பாய்க்கு மூன்று கோப்பை. முகர்ந்ததைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. நல்லது என்றால் கோப்பையை வலது பக்கம் தள்ள வேண்டும், கெட்டுப்போனது என்றால் இடது பக்கம். தெரியவில்லையென்றால் கோப்பையைக் குப்புறக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்தாலும் போதும், அந்தப் பீப்பாயை அன்றைக்கு யாரும் தொட மாட்டார்கள். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று எவருக்கும் தெரியாது, மாற்றவும் எவருக்கும் தைரியம் கிடையாது. இஷ்பெல் இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கவிழ்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். பக்கத்து நாற்காலிகளில் இருந்த எஃபியும் மர்டோவும் நாளாவட்டத்தில் கவிழ்ப்பதையே விட்டுவிட்டார்கள். மூக்கு கவிழ்க்காத மேசையில் நாம் கவிழ்த்தால் நம்மை யார் மதிப்பார்கள் என்ற நினைப்பு.

இப்படி இருந்தவளுக்குப் போன நவம்பரில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்தாள், ஐந்தாம் நாள் எழுந்து காப்பி போட்டாள். காப்பியில் வாசனை இல்லை. பொடி பழசு என்று புதுப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் இல்லை. வெங்காயத்தை நறுக்கினாள், கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. வினிகர், மண்ணெண்ணெய், புருஷனுடைய காலுறை வரைக்கும் முகர்ந்து பார்த்துவிட்டாள். உலகத்தை யாரோ கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள் மர்டோவின் மகள். நாளைக்கே வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊரே மூக்கு என்று கூப்பிடுகிற ஒருத்தி, மூக்கு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வாள்? சாம்பிள் அறையில் வழக்கம்போலக் கோப்பையைத் தூக்கினாள், கண்ணை மூடினாள், நிறத்தைப் பார்த்தாள், பீப்பாயின் பழைய குறிப்பைப் பார்த்தாள், ஓரக்கண்ணால் எஃபியின் முகத்தைப் பார்த்தாள். எஃபி முகம் சுளிக்கவில்லையென்றால் வலது பக்கம் தள்ளினாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது. அதுவரை அந்த மேசைக்கு வந்ததெல்லாம் இன்னும் பல வருஷம் கிடங்கில் கிடக்கப்போகிற பீப்பாய்கள். தப்பு நடந்திருந்தாலும் திருத்திக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது.

ஆனால் பிப்ரவரி இரண்டாம் திங்கட்கிழமை அப்படியில்லை. வடிசாலைக்கு நூற்றைம்பது வயது நிறைகிறது. அதற்காக ஒதுக்கி வைத்திருந்த நாற்பது பழைய பீப்பாய்களை முகர்ந்து தேர்ந்தெடுத்து, அன்று மதியமே பெரிய தொட்டியில் ஒன்றாக ஊற்றப்போகிறார்கள். நாற்பதில் ஒன்று கெட்டிருந்தால் போதும், மிச்ச முப்பத்தொன்பதும் நாசம். ஊற்றியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. இஷ்பெல் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. சொல்லிவிடு என்று ஒரு மனசு, சமாளித்துவிடுவாய் என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசுக்குத்தான் குரல் பெரிதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மதியம் இரண்டு மணி என்றால் இஷ்பெல் வீட்டில் விளையாட்டு. அவள் புருஷன் டார்க்வில் தீவின் ஒரே பஸ்ஸை ஓட்டுகிறவன். கப்பலுக்காகத் துறையில் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கதை எழுதுவான். ராட்சசன், மந்திரவாதி, பாழடைந்த கோட்டை. ஞாயிறு மதியம் அந்தக் கதையை, தான் வரைந்த படத்தோடு, மேசையில் விரிப்பான். இவன் கதை சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அதற்குள் நடப்பார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், அது பலித்ததா இல்லையா என்று இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் யோகம். நம்ம ஊர்ப் பக்கம் ஒன்று விழுந்தால் தாயம் என்று காயை இறக்குவோம். இங்கே ஒன்று விழுந்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

ஆடுகிறவர்கள் அதே மூவர்தான். கிடங்கில் பீப்பாய் பார்க்கிற மர்டோவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி, தொப்பை. கதைக்குள் அவர் ஒல்லியான, அழகான, மரம் ஏறுகிற வனதேவன். காய்ச்சுகிற கொப்பரைகளைக் கவனிக்கும் எஃபிக்கு நாற்பது வயது, தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசை. கதைக்குள் அவள் பலே திருடி. இஷ்பெல் குள்ளச்சி, கையில் கோடாலி, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் மோப்பம் பிடிப்பவள்.

இந்தக் குளிர்காலக் கதை 'மூன்று தாகம்' என்ற சத்திரத்தைப் பற்றியது. மேட்டு நிலத்தில், வழி தவறியவர்கள் மட்டுமே போய்ச் சேர்கிற இடத்தில் அது இருக்கிறது. டார்க்வில்லின் குரல் அவன் பஸ் மாதிரிதான். மெதுவாகப் போகும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும். கதவு திறந்தே இருக்கிறது என்றான் முதல் ஞாயிறு. கணப்பில் தீ எரிகிறது, ஆனால் சூடு இல்லை. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கண் திறந்திருக்கிறது, கோப்பை உதட்டில் இருக்கிறது, கோப்பை காலியாவதே இல்லை. பூனை கொட்டாவி விட்டபடியே நின்றுபோயிருக்கிறது. கடிகாரத்தின் ஊசல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. அவன் சொல்லச் சொல்ல ஜன்னலுக்கு வெளியே மழையும் மெதுவாகிவிட்டதுபோல் இருந்தது. இஷ்பெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாசல்ல கால் வைக்கும்போதே ஒரு வாசனை வருது, இஷ்பெல்" என்றான் டார்க்வில். "நனைஞ்ச கம்பளி. மேலே விறகுப் புகை. அடியில ரொம்ப மெல்லிசா, வைக்கோல்ல மறந்துபோய் விட்டுட்ட ஆப்பிள்."

அவளுக்கு வந்தது. மூக்கில் இல்லை, மூக்குக்கும் பின்னால் எங்கோ வந்தது. கம்பளி, புகை, ஆப்பிள். அந்த மதியம் முழுக்க அவள் சத்திரத்தை விட்டு வரவே இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். படிக்கட்டுக்கு ஒரு வாசனை, படுக்கையறைக்கு ஒரு வாசனை, கிணற்றடிக்கு ஒரு வாசனை. வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக்கு உள்ளே இருந்து உலகத்தைப் பார்ப்பவள், ஏழாம் நாள் சாபம் பிடித்த ஒரு வீட்டுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சத்திரத்துக்குப் பின்னால் சாபத்தின் ஊற்றான வடிசாலை, அதில் ஒரு கிழட்டுப் பேய். அங்கேதான் டார்க்வில்லுக்குத் தலைவலி ஆரம்பித்தது. வேறு எந்த ஊரில் ஆடியிருந்தாலும் வாளை உருவிக்கொண்டு பேயைத் தேடிப் போயிருப்பார்கள். இவர்கள் மூவரும் கொப்பரையைச் சுற்றி வந்தார்கள்.

"அந்தக் கொப்பரை சூடா இருக்குன்னு சொன்னியே, யாருய்யா தீ போடுறது?" என்றார் மர்டோ.

"அது சாபம், மர்டோண்ணே."

"சாபமா இருக்கட்டும். சாபத்துக்கு விறகு வேணாமா?"

"நான் வரிக்காரங்க போட்ட சர்க்கார் பூட்டைப் பார்க்கிறேன்" என்றாள் எஃபி. "சீல் உடைஞ்சிருக்கா?"

"நீ திருடி, எஃபி! மூலையில தங்கம் குவிஞ்சு கிடக்கு!"

"தங்கம் எங்க ஓடிப்போகுது? சீலைச் சொல்லு."

இரண்டு ஞாயிறு அந்த வடிசாலையைக் கழுவிப் பெருக்கினார்கள். குழாய் அடைப்பு எடுத்தார்கள். மர்டோவின் வனதேவன், மரம் ஏறுகிற அழகன், பீப்பாய்களைத் தட்டித் தட்டி எது ஒழுகுகிறது என்று பட்டியல் போட்டான். பேய் கையில் கரண்டியோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "அந்தப் பெரியவரை ஒரு ஓரமா உக்காரச் சொல்லுப்பா, காலு வலிக்கப் போகுது" என்றார் மர்டோ. டார்க்வில் நோட்டை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

கடைசியில் அந்த பிப்ரவரி ஞாயிறு பேய் வாயைத் திறந்தது. அவர் அந்த இடத்தில் ஒரு காலத்தில் விஸ்கி காய்ச்சியவர். கிடங்கின் கோடியில் மூன்று பீப்பாய்களைக் காட்டினார். இரண்டில் சாபம். ஒன்று சுத்தம். சுத்தமானதை ஒரு வாய் குடித்தவன் தொட்டால் உறங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். சாபமானதைக் குடித்தால் அவர்களோடு உட்கார வேண்டியதுதான். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாசனை மட்டுமே வேறு.

"அட, இவ்வளவுதானா?" எஃபி நாற்காலியில் சாய்ந்தாள். "அக்கா, எந்திரிங்க. மோந்து பாருங்க. நாலு மணிக்கு நான் பாட்டுப் பயிற்சிக்குப் போகணும்."

இஷ்பெல் பகடையை எடுத்தாள். விளையாட்டுதானே என்று சொல்லிக்கொண்டாள். உருட்டினாள். பகடை தேநீர்க் கெண்டிமேல் மோதி, ஓட்ஸ் ரொட்டித் தட்டைச் சுற்றி, எல்லார் கண்முன்னும் நின்றது.

ஒன்று.

டார்க்வில் பகடையைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். நோட்டை மெதுவாக மேசையில் வைத்தான். "கிடங்கு இருட்டா இருக்கு" என்றான். "முதல் பீப்பாய்க்குக் கிட்டே குனியறே. ஒண்ணுமில்ல. ரெண்டாவது. ஒண்ணுமில்ல. மூணாவது. உன் மூச்சு உள்ள போகுது, வெளிய வருது. ஒண்ணுமே இல்ல."

அந்த நிமிஷத்தில் அவள் செய்ததை இன்றைக்குவரை அவளாலேயே விளக்க முடியவில்லை. மூன்று மாதப் பழக்கம் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரக்கண்ணால் எஃபியைப் பார்த்தாள், மோவாயை நிமிர்த்தினாள், சாம்பிள் அறையில் பேசுகிற அதே குரலில், "நடுவுல இருக்கிறது. அதுதான் சுத்தம்" என்றாள்.

"நிச்சயமாவா?" என்றான் டார்க்வில்.

"நான் எப்ப நிச்சயமில்லாம சொல்லியிருக்கேன்?"

"அப்படிப்போடு" என்றார் மர்டோ. "என் ஆளு ஒரு வாய் குடிக்கிறான்." "நானும்" என்றாள் எஃபி.

டார்க்வில் நோட்டை மறுபடி கையில் எடுத்தான். அப்புறம் அந்தப் பஸ் குரலில் சொன்னான். வனதேவன் கோப்பையை உதட்டில் வைக்கிறான், ருசிக்கிறான், சிரிக்கப்போகிறான், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. திருடி அவன் தோளைப் பிடிக்கிறாள், பிடித்த கை அங்கேயே நிற்கிறது. கால்கள் தாமாக நடந்து சத்திரத்துக்குள் போகின்றன. கணப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. இப்போது இல்லை. முப்பது பேர் முப்பத்திரண்டு பேராகிவிட்டார்கள்.

"அடப்பாவி!" என்று மர்டோ துள்ளினார். "மூணு வருஷம் வளர்த்த ஆளுய்யா அவன்!"

"எப்படிண்ணே குடிச்சீங்க?" என்றான் டார்க்வில். "ஒண்ணு விழுந்ததை நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேனே."

"எஃபி, நீ?"

"நல்லாப் பார்த்தேன்." எஃபியின் முகத்தில் குழப்பம். "ஒண்ணுதான் விழுந்துச்சு. ஆனா அக்கா சொன்னாங்கல்ல. அக்கா சொன்னதுக்கப்புறம் பகடையாவது ஒண்ணாவது."

இஷ்பெல் குனிந்து பார்த்தாள். கண் எதிரே பகடை கிடக்கிறது, அதில் ஒன்று என்று எழுதியிருக்கிறது, இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் குடித்திருக்கிறார்கள். நாளைக்கு அந்தப் பகடைகூட மேசையில் இருக்காது. நாற்பது பீப்பாய் இருக்கும், இவள் முகம் இருக்கும், அவ்வளவுதான்.

"கதை இன்னும் முடியல" என்றான் டார்க்வில் மெதுவாக. "நீ மட்டும் குடிக்கல. குள்ளச்சி சத்திரத்துக்குள்ள வர்றா. ஒரு சத்தமில்ல. அவளோட ரெண்டு சிநேகிதங்களும் கணப்போரமா உக்காந்திருக்காங்க. என்ன பண்றே, இஷ்பெல்?"

அவள் கண்ணை மூடினாள். சத்திரம் இருந்தது. பூனை இருந்தது, ஒதுங்கி நின்ற ஊசல் இருந்தது. தீ எரிந்தது, புகையில் வாசனை இல்லை. முதல் தடவையாக அந்த வீட்டிலும் வாசனை இல்லை. அவள் மேசைகளுக்கு நடுவே நடந்தாள். எல்லாரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கோப்பை எல்லாரையும் பிடித்துக்கொண்டிருந்தது. எஃபியின் கையிலிருந்த கோப்பையைத் தொட்டாள். அது குளிர்ந்துபோய், கனமாக இருந்தது.

"கவுத்துடறேன்" என்றாள்.

"என்னது?"

"கோப்பையைக் கவுத்துடறேன், டார்க்வில்." சொல்லிக்கொண்டே தன் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து மேசைமேல் குப்புற வைத்தாள். பாதிக் கோப்பைத் தேநீர் டார்க்வில் வரைந்த படத்தில் ஓடி, சத்திரத்தை நனைத்து, கிணற்றடியைத் தாண்டி, மர்டோவின் மடியில் சொட்டியது. மர்டோ நகரவில்லை. அவரும் எஃபியும் அந்தக் கவிழ்ந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா" என்றாள் எஃபி. "எப்பத்திலேருந்து?"

"நவம்பர். காய்ச்சல் வந்ததுல்ல, அப்பவே போச்சு. சுத்தமா போச்சு, எஃபி. ஒரு மண்ணும் தெரியல. உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன்."

எஃபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "என் மூஞ்சியையா?" என்றாள். "ஐயோ அக்கா, நான் உங்க மூஞ்சியைப் பார்த்துல்ல தள்ளிட்டிருந்தேன்! உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு மோந்து பார்க்கிறதையே விட்டு வருஷமாச்சு!"

இருவரும் மர்டோ பக்கம் திரும்பினார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றார் மர்டோ, ஈரக் கால்சட்டையைத் துடைத்தபடி. "நான் உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல தள்ளுறீங்கன்னு பார்ப்பேன்."

எஃபிதான் முதலில் சிரித்தாள். மர்டோ சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்தது. மூன்று மாதமாகத் தீவின் மொத்த விஸ்கியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நல்லதாகியிருக்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது? இஷ்பெல்லும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், அழுகைதான் கடைசிவரை நின்றது. எஃபி எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். பாட்டுப் பயிற்சிக்கு அன்று போகவில்லை.

டார்க்வில் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த படத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தான். இஷ்பெல் மூக்கைச் சிந்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது தெரியும்?"

"யோவ், நடிக்காத. தெரியும் உனக்கு."

அவன் துண்டைப் பிழிந்தான். "கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். பால் திரிஞ்சிருந்துச்சு. கெட்ட நாத்தம். நான் கொட்டறதுக்குள்ள நீ தேநீர்ல ஊத்திக் குடிச்சிட்டே. நல்லாருக்குன்னு வேற சொன்னே."

"அப்பவே ஏன்யா கேக்கல? ரெண்டு மாசமா ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, வாயை மூடிட்டு இருந்தியா?"

"எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீ இல்லேன்னு சொல்லிடுவே. சொல்லிட்டா அப்புறம் அதுலேயே நிப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?" அவன் நோட்டைப் புரட்டினான். "அதனால என்னால முடிஞ்சதைப் பண்ணேன்."

நோட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தான். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய கோணல் எழுத்து. சத்திரத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம். ராட்சசன் எத்தனை அடி, பெட்டியில் என்ன புதையல் என்பதெல்லாம் ஒரே வரியில் முடிந்திருந்தது. பக்கம் முழுக்க வாசனை. நனைந்த கம்பளி என்று எழுதி, அடித்து, மழையில் நனைந்து கணப்பருகே காயும் கம்பளி என்று திருத்தியிருந்தான். வாழ்நாளில் மீனுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்காத மனுஷன். ஆப்பிளைப் பற்றி மட்டும் நாலு வரி. இஷ்பெல் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"சரி, எங்களை அங்கேயே விட்டுட்டீங்களே" என்றார் மர்டோ கடைசியில். "கோப்பையைக் கவுத்தா சாபம் தீருமா தீராதா?"

"அப்படி நான் எழுதல" என்றான் டார்க்வில். நோட்டை மூடினான். "ஆனா தீரும்."

அப்புறம் அவன் சொன்னான், அவர்கள் கேட்டார்கள். குள்ளச்சி மேசை மேசையாகப் போகிறாள். ஒவ்வொரு கோப்பையாகக் கவிழ்க்கிறாள். கவிழ்ந்த இடத்தில் ஒரு பெருமூச்சு. யாரோ இருமுகிறார்கள், யாரோ "மணி என்ன?" என்று கேட்கிறார்கள். பூனை கொட்டாவியை முடித்துவிட்டு வாலைச் சுருட்டிக்கொள்கிறது. ஊசல் மறுபக்கம் போகிறது. கரண்டியோடு நின்ற பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறார். "அப்பாடா, உக்காந்துட்டாரு" என்றார் மர்டோ. வெளியே சாயங்கால இருட்டு வந்திருந்தது. விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. சாம்பிள் அறையில் நாற்பது பீப்பாய்க்கு நூற்றிருபது கோப்பை. மேனேஜர் கோட்டும் டையுமாகக் கதவருகே நின்றார். முதல் பீப்பாய். இஷ்பெல் கோப்பையைத் தூக்கவேயில்லை. இருந்த இடத்திலேயே கவிழ்த்தாள். தங்க நிறத்தில் இருபத்தைந்து வருஷத்து விஸ்கி மேசையில் பரவியது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு வாசனை தெரியல, சார்" என்றாள். "நவம்பர்லேருந்து தெரியல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நவம்பருக்கப்புறம் நான் தள்ளின எல்லாத்தையும் திரும்பப் பாருங்க." நிறுத்தாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். மேனேஜர் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். பாதி நியாயம், பாதி கோபம். தொட்டியை அந்த வாரம் மூடிவைத்தார்கள். இஷ்பெல்லின் நாற்காலியில் எஃபி உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. எஃபியின் இடத்துக்குப் பக்கத்துத் தீவிலிருந்து ஆள் வரும் என்றார்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை, பக்கத்துத் தீவு ஆள் வந்ததும், திரும்ப ஆரம்பித்தார்கள். எஃபி அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள், பேயறைந்த முகத்தோடு. இஷ்பெல் குறிப்பு எழுத ஒரு ஓரத்தில் இருந்தாள். எஃபி முதல் கோப்பையைத் தூக்கினாள், மூக்கருகே கொண்டுபோனாள், கண் தானாக இஷ்பெல் பக்கம் போயிற்று.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்."

இஷ்பெல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி மரத்தில் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. வலது. வலது. நடுவே ஒரு கோப்பை கவிழ்ந்த சத்தம், அது மர்டோ. "எனக்குச் சளி, பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க" என்றார். வலது. வலது. பதினேழாவது பீப்பாயில் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. இஷ்பெல் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கத் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் கோப்பை நகர்ந்தது. இடது பக்கம்.

முகர்ந்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. இஷ்பெல்தான் மீறினாள்.

"என்ன இருக்கு அதுல?"

"தெரியலக்கா. என்னவோ தப்பா இருக்கு. பேர் சொல்லத் தெரியல."

"பேர் வேணாம். என்ன மாதிரி இருக்கு, அதைச் சொல்லு." இஷ்பெல் கண்ணை மூடிக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை மூடுவதைப்போல. "மெதுவாச் சொல்லு. வாசல்லேருந்து ஆரம்பி."

எஃபி மறுபடி முகர்ந்தாள். "முதல்ல திராட்சை. காய்ஞ்சது. அப்புறம் தோல் செருப்பு, புதுசு. அதுக்கு அடியில..." நிறுத்தினாள். "அடியில தீக்குச்சி. உரசி ஊதி அணைச்ச உடனே வருமே, அது."

இருட்டில் ஒரு சுடர் அணைந்தது. புகை ஒரு இழையாக எழுந்து, மூக்குக்கும் பின்னால் இருக்கும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"கந்தகம்" என்றாள் இஷ்பெல். "காலிப் பீப்பாய் கெடாம இருக்க உள்ள கந்தகத் திரி எரிச்சிருக்காங்க. இது தொட்டிக்குப் போயிருந்தா முப்பத்தொன்பதும் போயிருக்கும். சரியாத் தள்ளியிருக்கே, எஃபி." பென்சிலை எடுத்துப் பதினேழுக்கு நேரே அதை எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே, "அடுத்தது சொல்லு" என்றாள்.